தங்கமீனும் ஹீட்டரும்: சிங்கப்பூர் வீட்டில் 28 டிகிரி தண்ணீர் என்ன செய்யும்?

கேள்வி: ஈசூனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். கூடத்தில் இரண்டடி மீன்தொட்டி. நியான் டெட்ரா பத்து, கப்பி ஏழெட்டு, ஏஞ்சல் ஒரு ஜோடி. ஹீட்டரை 28 டிகிரியில் வைத்திருக்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு முன் மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு ஒராண்டா தங்கமீன்கள் வாங்கி அதே தொட்டியில் விட்டோம். இப்போது ஒன்று காலையில் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கப்பிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கடையில் கேட்டதற்கு, “சிங்கப்பூர் சூட்டுக்கு அதுவே பழகிவிடும்” என்றார்கள். ஹீட்டரை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? தனித் தொட்டி வாங்கியே ஆகவேண்டுமா?

பதில்: ஹீட்டரை இன்றே எடுத்துவிடுங்கள். மின்இணைப்பைத் துண்டித்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, பிறகு தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். ஆனால் அதனால் மட்டும் உங்கள் ஒராண்டா மூச்சுத் திணறுவது நிற்காது. தண்ணீர் 28 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் ஹீட்டர் எரியும். ஏர்கான் போடாத ஈசூன் கூடத்தில் தண்ணீர் பகலில் 29, 30 என்று தானாகவே நிற்கும். டிசம்பர், ஜனவரி மழையில் சில நாள்களைத் தவிர, உங்கள் ஹீட்டர் பெரும்பாலும் சும்மாதான் இருந்திருக்கும். உங்கள் தொட்டியைச் சூடாக்குவது உங்கள் வீடு. நியானுக்கும் கப்பிக்கும் ஏஞ்சலுக்கும் அந்தச் சூடு போதும். தங்கமீனுக்கு அது அதிகம்.

தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் குளங்களிலும் தாழிகளிலும் வளர்த்து, நிறத்துக்காகவும் வடிவத்துக்காகவும் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கிய மீன். ஒராண்டா போன்ற உருண்டை உடல் வகைகள் 20 முதல் 24 டிகிரியில் சுகமாக இருக்கும். குளிரைத் தாங்க அதன் உடலில் ஒரு வியப்பான ஏற்பாடு உண்டு. குளம் மேலே உறைந்து, தண்ணீரில் பிராணவாயு அற்றுப்போனாலும் தங்கமீன் உடனே சாவதில்லை. பிராணவாயு இல்லாமல் உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும். முதுகெலும்புள்ள உயிர்களில் இந்த வித்தை தெரிந்தவை மிகச் சில. எத்தனை ஆண்டு மீன் வளர்த்தாலும் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறு உயிர்மேல் மதிப்பு கூடுகிறது. ஆனால் அது குளிருக்காக அமைந்த வித்தை. உடல் மெதுவாக இயங்கும்போதுதான் அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகும். 30 டிகிரியில் உடல் வேகமாக எரிந்துகொண்டிருக்கும்போது அது கைகொடுக்காது.

இப்போது சூடு செய்யும் வேலையைப் பாருங்கள். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே 10 டிகிரி ஏற்றத்தில் மீனின் உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இயங்கும். அதாவது வரவு ஆறில் ஒரு பங்கு குறைய, செலவு இரட்டிப்பாகிறது. இரவில் நீர்ச்செடிகளும் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்கள் மீன் குறிப்பாகக் காலையில் மேலே வருகிறது. உணவு கேட்டு மேலே வரும் மீன் உங்களைப் பார்த்ததும் ஓடிவரும், துள்ளும். மூச்சுக்கு ஏங்கும் மீன் நீங்கள் வந்தாலும் போனாலும் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டு செவுளை வேகவேகமாக அடிக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிய உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகக் கவனிப்பார்கள்.

அடுத்தது அமோனியா. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா முழுவதும் நஞ்சல்ல. ஒரு பகுதிதான் செவுளைச் சுடும். அந்தப் பகுதி எவ்வளவு என்பதைத் தண்ணீரின் சூடும், அதன் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவும் தீர்மானிக்கின்றன. பிஹெச் 8 உள்ள தண்ணீரில் 20 டிகிரியில் நூற்றுக்கு 4-க்கும் குறைவான பங்கு நஞ்சாக இருக்கும். அதே தண்ணீர் 30 டிகிரிக்கு ஏறினால் ஏழரைப் பங்கு. மீன் ஒன்று கூடவில்லை, உணவு ஒரு துகள் கூடவில்லை, நஞ்சு மட்டும் இரட்டிப்பு. தங்கமீனோ தின்று கழித்துக்கொண்டே இருக்கும் பிராணி. அதற்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போய்விடும். உங்கள் இரண்டடித் தொட்டியில் கல்லும் செடியும் போக ஐம்பது சொச்சம் லிட்டர் தண்ணீர் இருந்தால் அதிகம். அதில் இருபது மீன்கள் போதாதென்று இரண்டு ஒராண்டாவும் வந்து சேர்ந்தன. நிலைமை கெட்டது அந்த நாளிலிருந்துதான்.

“பழகிவிடும்” என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. நம் கடைத் தொட்டிகளில் 28, 29 டிகிரியில் சில வாரங்கள் தாக்குப்பிடித்த மீன்தான் உங்கள் கைக்கு வருகிறது. 30 டிகிரியைத் தங்கமீன் தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, வாழ்வது வேறு. ஓயாத சூட்டில் அது வேகமாகத் தின்னும், வேகமாக வளரும், வேகமாகத் தேய்ந்தும் போகும். நன்றாக வைத்தால் ஒராண்டா பத்து ஆண்டுகள் தாராளமாக இருக்கும். இங்கே பல வீடுகளில் ஓராண்டு ஈராண்டில் போய்விடுகிறது. “தங்கமீன் என்றாலே அவ்வளவுதான் ஆயுசு” என்று நம்பி அடுத்ததை வாங்கிவருகிறார்கள். இந்த நம்பிக்கையைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கும்.

கப்பிகள் எங்கே போயின என்பதற்குப் பெரிய விசாரணை தேவையில்லை. தங்கமீனின் வாய்க்குள் அடங்குவது எதுவும் அதற்கு உணவுதான். நியானும் தப்பாது. மறுபக்கம் ஏஞ்சல் ஒராண்டாவின் நீண்ட வாலைக் கொத்தும். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீனையும் சேர்க்காதீர்கள். இரவில் அது தங்கமீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்வழவழப்பை உறிஞ்சும். ஆகவே, ஆம், தனித் தொட்டி வேண்டும்.

அது வருவதற்குள் இன்றே செய்யவேண்டியவை சில. தெர்மோமீட்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். ஹீட்டர் திருகில் எழுதியிருக்கும் 28-ஐ நம்பாதீர்கள். ஒரு காற்றுக்கல்லைப் போட்டு ஏர் பம்ப்பை இரவு பகலாக ஓடவிடுங்கள், குறிப்பாக இரவில் நிறுத்தவே வேண்டாம். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். இரண்டு நாள் உணவு நிறுத்துங்கள், பட்டினியால் ஒன்றும் ஆகாது. பிறகு மூழ்கும் உருண்டை உணவு, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். அமோனியா சோதனைக் குப்பி ஒன்று கையில் இருக்கட்டும். அளவு சுழியம் என்று வரும்வரை நாள்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் நம் பெரியவர்கள் குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் பிடித்துவைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவார்கள். வெறும் குளோரினுக்கு அது சரி. இங்கே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன். ராத்திரி முழுக்க வைத்தாலும் அது லேசில் போகாது. மீன்தொட்டிக் கண்டிஷனர் சில நிமிடங்களில் முறித்துவிடும். அமோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் குளோரமைன் உடையும்போது கொஞ்சம் அமோனியா வெளிவரும். திறந்த வாளியில் தண்ணீர் தேக்கிவைப்பது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டுவதற்குச் சமம் என்பதையும் மறக்கவேண்டாம். ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் அலசாதீர்கள், அதில் குடியிருந்து அமோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.

இனி புதுத் தொட்டி. இரண்டு ஒராண்டாவுக்கு மூன்றடித் தொட்டி எடுங்கள். 90 செ.மீ நீளம், 45 அகலம், 45 உயரம் என்றால் விளிம்புவரை 180 லிட்டர். தண்ணீரும் கண்ணாடியும் மேசையும் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் போகும் என்பதால் சுவரை ஒட்டி, சமமான தரையில் வையுங்கள். மேற்கு வெயில் விழும் சன்னல் வேண்டாம். புதுத் தொட்டியில் நல்ல பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழைய ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைப் புது ஃபில்டருக்குள் வைத்தால் அந்தக் காத்திருப்பு நன்றாகவே சுருங்கும்.

சூட்டைக் குறைக்கச் சிறு மின்விசிறியைத் தண்ணீர் மட்டத்தின்மேல் சாய்வாக ஓடவிடுங்கள். ஆவியாகும் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 30 டிகிரித் தொட்டி 27, 28-க்கு வரும். நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஏர்கான் இல்லாத அறையில் விசிறியால் 26-க்குக் கீழே போவது அரிது. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானதே, அப்படிப்பட்ட நாள்களில் விசிறிதான் மீனைக் காப்பாற்றும். தொட்டி மூடியைத் திறந்து, வலை போட்டு வையுங்கள். ஆவியான அளவுக்குக் கண்டிஷனர் கலந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள். 22 டிகிரிதான் வேண்டும் என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கவேண்டும். விலையும் மின்கட்டணமும் அதிகம். ரான்ச்சு என்ற தங்கமீன் வகையின் வளர்ப்பில் ஊறிப்போனவர்களுக்கு அது தேவை. உங்களுக்கு இப்போது தேவையில்லை. விசிறியோடு 27 டிகிரி, நிறையத் தண்ணீர், ஓயாத காற்று, குறைந்த உணவு. இந்த நான்கும் இருந்தால் உங்கள் ஒராண்டா நன்றாக இருக்கும்.

ஐஸ் கட்டி போடாதீர்கள். இரவில் மட்டும் ஏர்கான் ஓடும் படுக்கையறையிலும் வைக்காதீர்கள். ஒரே நாளில் 24-க்கும் 30-க்கும் இடையே ஊசலாடும் தண்ணீரைவிட நிலையான 28 எவ்வளவோ மேல். ஊசலாடும் தண்ணீரில்தான் வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் தொற்றும். இப்படிப்பட்ட அறையில் வெப்பமண்டல மீன்களை வைத்தால் ஹீட்டருக்கு வேலை உண்டு, தங்கமீனுக்கு அல்ல. பல ஆண்டுகளுக்குமுன் என் தொட்டி ஒன்றில் ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒரு இரவு சிக்கிக்கொண்டு அணையாமலே எரிந்தது. காலையில் தண்ணீர் 35 டிகிரி. நாலு ஆண்டு வளர்த்த ரியூகின் வகைத் தங்கமீன் ஒன்று அடியில் செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து தங்கமீன் இருக்கும் வீட்டில் ஹீட்டர் தொங்குவதைப் பார்த்தால் கழற்றச் சொல்லாமல் நான் வெளியே வருவதில்லை.

மூன்றடித் தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்றால், வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். செராங்கூன் நார்த், கிளமெண்டி பக்கம் மீன் வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விட்டுவிட வேண்டாம். பிள்ளைக்கு அது இரக்கமாகத் தெரியும். ஆனால் வீட்டு மீன் அங்கே பிழைப்பது கடினம், பிழைத்தால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடு, சட்டப்படியும் குற்றம்.

மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். காலை 7 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் தெர்மோமீட்டர் காட்டும் எண்ணை ஒரு வாரம் எழுதட்டும். காலையில் மீன் மேலே வந்ததா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். விசிறி ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா, எத்தனை மணி நேரம் ஓடவேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.