நாத்திகம் யார் கொண்டுவந்தது?

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். இந்த ஆண்டு அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கேட்டால், கடவுளே இல்லை என்கிறான். இந்த நாத்திகம் வெள்ளைக்காரன் விட்டுப்போனதும், பெரியார் கட்சிக்காரர்கள் பரப்பியதும்தானே? நம் மண்ணில் இல்லாத இந்த வியாதியை ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கண்டித்தால் என்ன?
– ஒரு தந்தை, பெகு, பர்மா

பதில்: கண்டிக்கக் கூடாது ஐயா. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ‘மண்ணில் இல்லாத’ என்ற பேச்சைப் பார்த்துவிடுவோம்.

அடுத்த முறை மண்டலே போகும்போது குதோடோ பகோடாவுக்குப் போங்கள். மின்டோன் மன்னர் 1860-இல் தொடங்கி 1868-இல் முடித்த திருப்பணி அது. பௌத்தர்களின் மறைநூலான பாலித் திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் இருபுறமும் வெட்டி வைத்திருக்கிறார்கள். சாமஞ்ஞபல சூத்திரம் என்ற உரையாடலும் அதற்குள் இருக்கிறது. அதில் அஜாதசத்து அரசன், தான் முன்பு கேட்ட ஆறு ஆசான்களின் கொள்கைகளைப் புத்தரிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். அந்த ஆறு பேரில் அஜித கேசகம்பலர் ஒருவர். தானத்துக்கும் வேள்விக்கும் பலன் கிடையாது, மறு உலகம் கிடையாது என்பது அவர் கொள்கை. மனிதன் மண், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்களால் ஆனவன். செத்தால் மண் மண்ணோடு சேரும், நீர் நீரோடு சேரும். நான்கு பேர் பாடையைத் தூக்கிச் சுடுகாடு சேர்ப்பார்கள், எலும்பு வெளுக்கும், படைத்ததெல்லாம் சாம்பலாகும். மூடனும் அறிஞனும் உடலோடு அழிந்துபோகிறார்கள். உங்கள் மகன் இதைவிடக் கடுமையாக ஏதும் சொல்லியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

பௌத்தர்கள் இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. தவறான பார்வை என்றே ஒதுக்கினார்கள். ஆனாலும் மறைக்கவில்லை, சிதைக்கவில்லை. பல நூற்றாண்டுகள் மனப்பாடம் செய்து காத்தார்கள், ஓலையில் எழுதினார்கள், இந்த நாட்டில் கல்லிலேயே வெட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்தது 1885-இல். கல்வெட்டு அதற்கு மூத்தது.

தமிழிலும் இதே கதைதான். வஞ்சி நகரத்தில் மணிமேகலை சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கிறாள். அவர்களில், எல்லாமே பூதங்களின் சேர்க்கைதான் என்று வாதிடும் பூதவாதியும் உண்டு. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கூடினால் கள்ளின் வெறி பிறக்கிறது, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, இம்மையைத் தவிர வேறில்லை என்கிறான் அவன். அவள் முழுவதும் கேட்கிறாள், சிரிக்கிறாள், கேள்வி ஒன்றைத் திருப்பிப் போடுகிறாள்: கண்ணால் கண்டதைத்தான் நம்புவாய் என்றால், உன் தாய் தந்தையர் இவர்கள்தான் என்பதை எப்படி அறிந்தாய்? அவனை யாரும் ஊரைவிட்டு விலக்கவில்லை. சமண நூலான நீலகேசியின் கடைசிச் சருக்கமே பூதவாதியோடு நடக்கும் வாதம்தான். இறைமறுப்பாளர்கள் எழுதிய நூல்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் பேசியது நமக்குத் தெரிகிறது என்றால், எதிரணியில் இருந்த பக்தர்களின் நேர்மைதான் காரணம். எனக்கு இந்த மரபின்மேல் இருக்கும் மதிப்பு சொல்லி முடியாது.

வெள்ளைக்காரன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தாமஸ் எய்கன்ஹெட் என்று ஒரு மாணவன் இருந்தான். வேதாகமத்தைப் பழித்துப் பேசினான் என்று கூடப் படித்தவர்களே சாட்சி சொன்னார்கள். 1697 ஜனவரியில் அவனைத் தூக்கிலிட்டார்கள். வயது 20. உங்கள் மகனுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். வெள்ளையரில் மறுப்பாளர் இந்த நாட்டுக்கு வந்ததும் உண்மை. ரங்கோனில் துறவு பூண்ட அயர்லாந்துக்காரர் தம்மலோகா, 1907-இல் துண்டுப் பிரசுரச் சங்கம் அமைத்து, மிஷனரிகளை எதிர்த்து, வேதாகமத்தை விமர்சித்த தாமஸ் பெயினின் எழுத்துகளை வினியோகித்தார். காவி உடுத்திக்கொண்டுதான் அதைச் செய்தார். பெரியார் ரங்கோனுக்கு வந்தது 1954-இல். அதற்குள் இந்த வாதத்துக்கு இரண்டாயிரம் வயது கடந்துவிட்டது.

உண்மையிலேயே ஆங்கிலேயர் விட்டுப்போனது ஒன்று உண்டு: மதத்தை அவமதிப்பதைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவு. 1927-இல் இந்தியாவுக்கென்று சேர்த்தார்கள். அன்று பர்மாவும் இந்தியாவின் மாகாணம் என்பதால் இங்கும் வந்தது, இன்னும் போகவில்லை. எழுத்தாளர் டின் லின் ஊ பௌத்தர். பௌத்தத்தின் பெயரால் இனவெறி வளர்க்கக் கூடாது என்று 2014-இல் ஒரு கூட்டத்தில் பேசினார். மதத்தை அவமதித்தார் என்று 2015 ஜூனில் அவருக்குக் கடுங்காவலோடு இரண்டு ஆண்டு சிறை. பெரும்பான்மை மதத்தில் பிறந்தவருக்கே இந்தக் கதி.

சிறுபான்மையினராகிய நாம் ஊர்க்கூட்டம் கூட்டி, ‘இவன் சாமியைப் பழித்தான்’ என்று பத்துப் பேர் முன்னால் எழுதிக் கையெழுத்து வாங்கினால், அந்தக் காகிதம் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியுமா? பிள்ளையைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு அவனுக்கு எதிராகச் சாட்சியை நீங்களே தயார் செய்துவிடுவீர்கள். கூடப் படித்தவர்கள் எய்கன்ஹெட்டுக்குச் செய்ததும் இதைத்தான்.

நம்பிக்கை உள்ளவர் நீங்கள். அது பெரிய செல்வம். அதை விடச் சொல்ல நான் யார்? மணிமேகலை கேட்ட கேள்வியை அவனிடம் கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை முழுவதும் கேளுங்கள். காப்புக் கட்டுவது அவரவர் மனம் இசைந்து செய்யும் விரதம்; விருப்பமில்லாதவனைக் குண்டத்தில் இறக்குவது அம்மனுக்கும் மரியாதை ஆகாது. ஊர்க்கூட்டத்துக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தால், இன்றைக்கே தலைவரைப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.