சுமோ மென்பொருளில் சாலைச் சந்திப்பின் வடிவத்தை ஏன் கையால் திருத்த வேண்டும்?

சுமோ என்னும் போக்குவரத்து உருவகப்படுத்தல் மென்பொருளில், சந்திப்பு வடிவம் என்பது சாலைகள் கூடும் இடத்தின் எல்லையைக் காட்டும் பலகோணம். தடங்களின் எண்ணிக்கை, அகலம், சாலைகள் சேரும் கோணம் ஆகியவற்றிலிருந்து மென்பொருளே அதைக் கணித்துவிடும். ஆயினும் நாகர்கோவில் செட்டிகுளம் சந்திப்பை வரைபடத்திலிருந்து எடுக்கும்போது, அக்கணிப்பு தரையிலுள்ள அமைப்போடு பொருந்தாமல் போகலாம்.

நான்கு பக்கமும் டைல்ஸ் பதித்து வரும் கொத்தனார், நடுவிலுள்ள இடத்துக்கேற்ப ஓரங்களை வெட்டுவதுபோல, பலகோணத்தின் விளிம்பு விழும் இடத்திலேயே சாலைகளின் முனைகள் வெட்டப்படுகின்றன. எனவே நிறுத்தக்கோடு நகர்கிறது, வாகனம் சந்திப்புக்குள் கடக்கும் தூரமும் மாறுகிறது. இதனால்தான் திருத்தம் வெறும் அழகுக்கானதன்று. சுமோவின் சாலை வலையமைப்புத் திருத்தியான நெட்எடிட்டில் பலகோணத்தின் புள்ளிகளை நகர்த்தியபின் எஃப்5 விசையை அழுத்தி மறுகணிப்புச் செய்வது அவசியம்.

வடிவத்தை மாற்றினால், எந்த வாகனம் முதலில் செல்லலாம் என்னும் முன்னுரிமையும் மாறிவிடும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அதை முக்கியமாகத் தீர்மானிப்பவை சாலைகளின் முன்னுரிமை எண், சந்திப்பின் வகை, தட இணைப்புகள் ஆகியவை; வடிவம் அன்று.