காட்ஸில்லாவின் எடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் என் மகனுடன் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ பார்த்தேன். ஆஸ்கர் வாங்கிய கிராஃபிக்ஸ் என்பதற்காகத் தொடங்கி, கடைசியில் இருவருமே கண்கலங்கித்தான் எழுந்தோம். அந்த வேகத்தில் இதன் மூலப்படத்தையும் பார்த்துவிடலாம் என்று 1950களின் கறுப்புவெள்ளை காட்ஸில்லாவை இணையத்தில் தேடி எடுத்தோம். ஏமாற்றம்தான் மிச்சம். ரப்பர் உடை மாட்டிய ஒருவர் பொம்மை வீடுகளை மிதிப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். டோக்கியோவுக்கு வந்த ஓர் அமெரிக்க நிருபர் படம் முழுக்க ஓரமாக நின்று நடப்பதை நமக்கு விளக்கிக்கொண்டே இருக்கிறார். இது அணுகுண்டைப் பற்றிய மாபெரும் கலைப்படைப்பு என்று நீங்கள் உட்படப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி எதுவும் தென்படவில்லை. பின்னால் வந்த விமர்சகர்கள் ஏற்றிச் சொன்ன அர்த்தம்தானா அது? இன்னொன்று, மகனுக்கு அடுத்து எதைக் காட்டலாம்?

எஸ்.
கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் குறிப்பிடும் அந்த அமெரிக்க நிருபரே உங்கள் கேள்விக்குப் பாதி பதிலைச் சொல்லிவிடுகிறார். ஜப்பானில் 1954 நவம்பர் 3 அன்று டோஹோ நிறுவனம் வெளியிட்ட படத்தில் அப்படி ஒரு பாத்திரமே கிடையாது. அந்தப் படத்தை வாங்கிய அமெரிக்க விநியோகஸ்தர்கள், ரேமண்ட் பர் என்னும் நடிகரை வைத்துச் சில காட்சிகளைத் தங்கள் ஊரிலேயே எடுத்து, அவர் ஜப்பானியப் பாத்திரங்களோடு பேசுவதுபோலத் தோன்றுவதற்காக மாற்று ஆட்களை முதுகைக் காட்டி நிற்கவைத்து, மூலத்தில் கணிசமான பகுதியை வெட்டி, 1956ல் சுமார் 80 நிமிடப் படமாக வெளியிட்டார்கள். நீங்களும் மகனும் பார்த்தது அதைத்தான். மூலத்தை இயக்கிய ஹோண்டாவின் படம் 96 நிமிடம். அது அமெரிக்கத் திரையரங்குகளுக்கு முறையாக வந்து சேர்ந்தது 2004ல்தான். ஆகவே அணுகுண்டு உங்கள் கண்ணில் படவில்லை என்பதில் வியப்பில்லை. வெட்டப்பட்டவற்றுள் முதலில் போனது அதுதான்.

விமர்சகர்கள் ஏற்றிச் சொன்னார்களா என்ற கேள்விக்கு அந்த ஆண்டின் நாட்காட்டியே போதுமான பதில். 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ‘காஸில் பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 15 மெகாடன், கணக்கிட்டதைவிட இரண்டரை மடங்கு வலிமையோடு வெடித்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு’ என்ற படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் இருந்தவர்கள் 23 பேர். இரண்டு வாரம் கழித்து அவர்கள் யாய்ஸு துறைமுகத்துக்குத் திரும்பியபோது தோல் கறுத்து, முடி உதிரத் தொடங்கியிருந்தது. அவர்கள் கொண்டுவந்த மீன் சந்தைக்கும் போய்விட்டது. அதன்பின் ஜப்பானின் மீன் சந்தைகளில் கதிரியக்கமானியோடு அதிகாரிகள் நின்றதும், டன் கணக்கில் சூரை மீனை மண்ணில் புதைத்ததும், மழையில் நனையாதே என்று தாய்மார்கள் பிள்ளைகளைத் தடுத்ததும் அந்த ஆண்டின் அன்றாடச் செய்திகள். (சோதனைகளையாவது நிறுத்திவையுங்கள் என்று நேரு நாடாளுமன்றத்தில் பேசியது அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று, இதே வெடிப்பின் எதிரொலிதான்.) படகில் கம்பியில்லாத் தந்திக் கருவியை இயக்கிய குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். அப்போது காட்ஸில்லாவின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது.

இப்போது மூலப்படத்தின் முதல் காட்சியைப் பாருங்கள். கடலில் ஒரு கப்பல். மேல்தளத்தில் வேலை முடிந்த மாலுமிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் கிதார் மீட்டுகிறார், இன்னொருவர் மவுத் ஆர்கன் வாசிக்கிறார். திடீரென்று கடல் வெண்மையாக ஒளிர்ந்து கொதிக்கிறது. அவர்கள் ஓடிவந்து கப்பலின் ஓரத்தில் நின்று அந்த ஒளியைப் பார்க்கிறார்கள். மிருகம் எதுவும் திரையில் இல்லை, வெறும் ஒளிதான். எட்டு மாதங்களாகச் செய்தித்தாள் படித்துவந்த டோக்கியோ பார்வையாளருக்கு இதை எந்த விமர்சகரும் வந்து விளக்க வேண்டியிருந்திருக்காது.

வெட்டுப்பட்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன், அரை நிமிடம்கூட வராது. மின்ரயிலில் அலுவலகம் போகிறவர்கள் சிலர் நின்றபடி பேசிக்கொள்கிறார்கள். கதிரியக்க மீன், கதிரியக்க மழை, இப்போது காட்ஸில்லா வேறு என்று ஓர் இளம்பெண் அலுத்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பித்து அரும்பாடுபட்டுக் காப்பாற்றிக்கொண்ட உயிராயிற்றே என்கிறாள். மறுபடியும் ஊரைக் காலிசெய்துகொண்டு போகவேண்டுமா, வெறுப்பாக இருக்கிறது என்கிறார் பக்கத்தில் நிற்பவர். பின்னணி இசை கிடையாது. யாரும் அழுவதுமில்லை. விலைவாசியைப் பற்றிப் பேசும் குரலில்தான் பேசுகிறார்கள். அந்த அலுப்புதான் எனக்கு இந்தப் படத்தின் மிகத் துணிச்சலான இடமாகப் படுகிறது, ஏனென்றால் 1952 ஏப்ரல் வரை நீடித்த அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி எழுதவும் படம் காட்டவும் கடும் தணிக்கை இருந்தது. இரண்டரை ஆண்டுக்குள் ஒரு வணிகப்படம் நாகசாகியை ரயில் பேச்சாக்கிவிடுகிறது.

இனி ரப்பர் உடைக்கு வருகிறேன். மகன் சிரித்ததில் தவறில்லை. எழுபது ஆண்டுக்கு முந்தைய தந்திரம் இன்றைய கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஆனால் அந்தத் தந்திரம் ஏன் அப்படி அமைந்தது என்பதைச் சொன்னால் அவன் வேறுவிதமாகப் பார்ப்பான் என்று நினைக்கிறேன். படத்தின் தந்திரக்காட்சிகளை அமைத்த எய்ஜி ட்சுபுராயா, 1933ன் கிங் காங் படத்தைப் பார்த்து மயங்கியவர். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் படமெடுக்கும் அந்த முறையில்தான் இதையும் எடுக்க விரும்பினார். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கையில் இருந்ததோ சில மாதங்கள். ஆகவே உடைக்குள் ஆளை இறக்கி, நகரத்தைச் சிறியதாகக் கட்டும் வழிக்கு வந்தார்கள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கதைப்படி காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். உடையணிந்து நிற்கும் ஆளின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். எனவே கட்டடங்கள் 25ல் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்டன. ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து பெயர்ந்து விழும் ஒரு சுவர்த்துண்டு தரையைத் தொட மூன்று விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு மீட்டர் மாதிரியில் அது முக்கால் விநாடிக்குள் விழுந்துவிடும். புவியீர்ப்பைச் சிறிதாக்க முடியாதல்லவா? அதனால் கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்துச் சாதாரண வேகத்தில் திரையிட்டார்கள். விழும் கல் மெதுவாக விழும், எழும் தூசி மெதுவாக எழும், கண் அதைப் பிரம்மாண்டம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அப்படிப் படமெடுக்கும்போது உடைக்குள் இருப்பவர் இயல்பைவிட வேகமாக அசைந்தாக வேண்டும். உடையோ ஏறத்தாழ நூறு கிலோ. முதலில் செய்த உடை விறைத்துப்போய் நடக்கவே உதவவில்லை. உள்ளே ஹாருவோ நகாஜிமா என்ற சண்டை நடிகர், ஸ்டுடியோ விளக்குகளின் அனலில், சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாத நிலையில் நடந்தார். கனத்த உடம்பு எப்படி அடியெடுத்து வைக்கிறது என்று அறிய உயேனோ மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானைகளையும் கரடிகளையும் பார்த்துவந்தவர் அவர்.

இந்தச் சிரமத்திலிருந்துதான் காட்ஸில்லாவின் குணமே பிறந்தது என்பேன். கிங் காங் ஒரு மிருகம். அதற்குக் கோபம், காதல், வலி எல்லாம் உண்டு, மனிதர்களைத் துரத்தும், பிடிக்கும். காட்ஸில்லா அப்படித் தேடிப் பிடிப்பதற்காக அலைவதில்லை. அது நடக்கிறது, வழியில் இருப்பவை அழிகின்றன. கின்ஸா கடைத்தெருவின் மணிக்கூண்டு மணியடிக்கத் தொடங்கியதும் அதை உடைத்தெறிகிறது. உயர்மின் கோபுரங்கள் அதன் மூச்சில் உருகி வளைகின்றன. அந்தக் கோபுரங்களை மெழுகில் செய்து வெப்பம் காட்டி உருக்கினார்கள். ஒரு கடையின் சுவரோரம் ஒடுங்கிய தாய் ஒருத்தி, இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று குழந்தைகளை அணைத்துக்கொள்கிறாள். அந்தத் தகப்பன் போரில் செத்தவன் என்பதைப் படம் விளக்குவதில்லை. 1945 மார்ச் 10 அதிகாலையில் தீக்குண்டுகளால் ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேரைப் பறிகொடுத்த நகரம் அது. கீழிருந்து பார்ப்பவர்களுக்கு விமானத் தாக்குதல் எப்படி முகமற்றதோ அப்படி முகமற்றது இந்த நடை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே அதன் உறுமலைக்கூட எந்த விலங்கிடமிருந்தும் எடுக்கவில்லை. பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் நரம்பைத் தேய்த்து, பதிவின் வேகத்தைக் குறைத்து உண்டாக்கியது அது.

தாக்குதல் முடிந்த மறுநாள்தான் படத்தின் நடுமையம். மருத்துவமனைத் தாழ்வாரமெங்கும் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். காயமே இல்லாததுபோல் தோன்றும் ஒரு குழந்தையின் முன் கதிரியக்கமானியை நீட்டுகிறார் ஒருவர், கருவி படபடக்கிறது, அவர் கதாநாயகி எமிகோவைப் பார்த்து, நம்பிக்கையில்லை என்பதுபோல் தலையசைக்கிறார், அவ்வளவுதான். எமிகோ தான் கொடுத்த வாக்கை மீறுவது இதற்குப் பிறகுதான். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த விஞ்ஞானி செரிஸாவா, நீரிலுள்ள ஆக்சிஜனை அழித்து உயிர்களைக் கரைத்துவிடும் ஒரு சாதனத்தைக் கண்டுபிடித்து ரகசியமாக வைத்திருக்கிறான். அதை யாரிடமும் சொல்வதில்லை என்பதே அவள் கொடுத்த வாக்கு. அமெரிக்கப் படமோ இடிபாட்டையும் மருத்துவமனையையும் முதலிலேயே காட்டிவிட்டுப் பின்னோக்கிப் போகிறது. அதனால் அந்த இடம் அவளை உடைக்கும் காரணமாக இல்லாமல் நிருபர் பார்த்த பரபரப்புச் செய்தியாகச் சுருங்கிவிட்டது.

செரிஸாவாவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். போரில் ஒரு கண்ணை இழந்தவன். ஒருமுறை இதைப் பயன்படுத்திவிட்டால் உலகத்தின் அரசியல்வாதிகள் இதை ஆயுதமாக்காமல் விடமாட்டார்கள், குறிப்புகளை எரித்தாலும் என் தலைக்குள் இருப்பதை என்ன செய்வது என்று அவன் கேட்கிறான். இறந்தவர்களுக்காக மாணவிகள் பாடும் பிரார்த்தனை தொலைக்காட்சியில் வருகிறது. அதைக் கேட்டுவிட்டுக் குறிப்புகளைத் தீயிலிடுகிறான். பின் டோக்கியோ விரிகுடாவின் அடியில் சாதனத்தை இயக்கி, தன் கயிற்றையும் காற்றுக்குழாயையும் தானே அறுத்துக்கொள்கிறான். காட்ஸில்லா அழிகிறது, அதற்கான வழியும் அவனோடு போகிறது. வயதான தொல்லுயிரியலாளர் யமானேயாக வரும் தகாஷி ஷிமுரா (அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ படத்தின் தலைவரும் இவர்தான்) மகிழ்ச்சியே இல்லாத முகத்தோடு, அணுச் சோதனைகள் தொடர்ந்தால் உலகில் வேறெங்காவது இன்னொரு காட்ஸில்லா தோன்றக்கூடும் என்கிறார். 1956ன் பதிப்பில் இந்த எச்சரிக்கை இல்லை. அங்கே ஆபத்து நீங்கிவிட்டது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று நிருபர் சொல்லி முடித்துவைக்கிறார்.

இவ்வளவு சொன்னபிறகும் இந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இயக்குநர் இஷிரோ ஹோண்டா பலமுறை படைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவில் போர்வீரராக இருந்தவர். 1946ல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ணால் கண்டவர். ட்சுபுராயா, பேர்ல் ஹார்பர் தாக்குதலின் முதலாண்டு நிறைவுக்காக 1942ல் வந்த போர்ப் பிரச்சாரப் படத்துக்கு அந்தத் துறைமுகத்தையே சிறு மாதிரிகளால் கட்டிக் குண்டுவீசிக் காட்டியவர். அதன் விளைவாகப் போருக்குப் பின் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அமெரிக்கக் கப்பல்களை மாதிரியாகச் செய்து மூழ்கடித்த அதே கை பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தன் தலைநகரை மாதிரியாகச் செய்து கொளுத்துகிறது. ஆனாலும் ஜப்பான் பிறர்மேல் நடத்திய போரைப் பற்றி இந்தப் படத்தில் ஒரு வரி கிடையாது. பலியானவர்களாக மட்டுமே எல்லோரும் வருகிறார்கள். அதேபோல் குண்டை வெடித்த நாடு எது என்பதும் சொல்லப்படுவதில்லை. இரண்டாவது மௌனத்தைக் காலத்தின் கட்டாயம் என்று ஏற்கலாம்; முதலாவதை என்னால் அப்படி ஏற்க முடியவில்லை. தான் செய்தவற்றின் பாரம் தாங்காதவனைப்போல நடந்துகொள்ளும் ஒரே ஆள் செரிஸாவா. அந்தப் பாரத்தின் முழுப்பெயரைப் படம் சொல்லியிருந்தால் இன்னும் பெரிய படமாக இருந்திருக்கும்.

மகனுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஜப்பானிய மூலத்தை சப்டைட்டிலோடு காட்டுங்கள். மருத்துவமனைக் காட்சிக்கு மட்டும் முன்னதாகவே அவனிடம் சொல்லிவைப்பது நல்லது. அதன்பின் ஹோண்டாவே வண்ணத்தில் எடுத்த 1964ன் ‘மோத்ரா எதிர் காட்ஸில்லா’. அதே ஆண்டின் இறுதியில் வந்த கிதோரா படத்தில் மூன்று தலை டிராகனை எதிர்த்துப் பூமிக்காகச் சண்டையிடும் அளவுக்குக் காட்ஸில்லா நல்லபிள்ளையாகிவிடும். அங்கே அவன் தாராளமாகச் சிரிக்கலாம், எடுத்தவர்களும் அதை எதிர்பார்த்துத்தான் எடுத்தார்கள். 2016ன் ‘ஷின் காட்ஸில்லா’ முழுக்க அதிகாரிகளின் கூட்டங்களால் ஆனது. அதை நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அரசு அலுவலகக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது மிகவும் பிடிக்கிறது.