காராஜ் வாசல்: பழைய காருக்கு யார் விலை வைக்கிறார்கள்?

கேள்வி: நான் ஒரு ஆசிரியை. பிள்ளைகளைக் கிளிநொச்சிக்கு ரியூசனுக்கு ஏற்றிப்போக 2022 தை மாதம் ஒரு ஆல்டோ வாங்கினேன். 2015ஆம் ஆண்டு வண்டி, 31 இலட்சம் கொடுத்தேன். அதே வருடக் கடைசியில் அவசரத் தேவைக்கு விற்கப் போனால் 24க்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. விற்காமல் வைத்துக்கொண்டேன். அன்று 24 கேட்ட தரகரே இப்போது 28 தருகிறேன் என்கிறார். வண்டிக்கு வயது ஏறியிருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. இது என்ன கணக்கு? என்னை ஏமாற்றுகிறார்களா?
(வாசகி, பரந்தன்)

பதில்: உங்களை ஒருவரும் ஏமாற்றவில்லை, டீச்சர். நீங்கள் சொன்ன மூன்று விலையும் அந்தந்த நேரத்துச் சரியான விலைதான். 2010இல் ஏ9 வீதியோரம் காராஜ் போட்ட நாளிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுவருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய காரின் விலையை அதன் வயது பாதிதான் தீர்மானிக்கிறது. மீதியைத் தீர்மானிப்பது, அதே போல இன்னொரு வண்டி வேண்டுமென்றால் எவ்வளவு செலவாகும் என்பது. நம் நாட்டில் கார் கப்பலில்தான் வருகிறது. 2020 பங்குனியில், கையில் டொலர் குறைந்தபோது, வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 மாசியில்தான் நீங்கியது. ஏறக்குறைய ஐந்து வருடம்! அந்தக் காலத்தில் புதிதாக வேலை கிடைத்தவர்களும் கல்யாணம் கட்டியவர்களும் வெளிநாட்டுக் காசு வந்தவர்களும் கார் தேடினார்கள். தேடியதெல்லாம் ஏற்கெனவே தீவுக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே வண்டிகளைத்தான். போதாக்குறைக்கு, ரூபா விழப்போகிறது என்று பயந்தவர்கள் வங்கியில் இருந்த காசை எடுத்துக் காராக்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். நீங்கள் கொடுத்த 31 இலட்சத்துக்குள் இதெல்லாம் இருந்தது.

அப்புறம் 2022 வந்தது. தை மாதம் 200 ரூபா அளவில் நின்ற டொலர் வைகாசியில் 360 வரை போனது. அந்தக் கணக்கில் உங்கள் காரும் ஏறியிருக்க வேண்டும்தானே? ஏறவில்லை. சித்திரையில் மத்திய வங்கி ஒரே நாளில் தன் வட்டி வீதத்தை 7 புள்ளிகள் கூட்டியது. எங்கள் பக்கத்தில் கைக்காசு கொடுத்துக் கார் வாங்குபவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் லீசிங், அதாவது மாதாமாதம் கட்டும் வண்டிக் கடன்தான். மாதக் கட்டுக்காசு அவ்வளவு ஏறியதும் வாங்க நினைத்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். 2021 கடைசியில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஆனியில் 470. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். என் காராஜ் வாசலில் இருந்து பார்த்தால் எரிபொருள் வரிசையின் வால் தெரியாது. அந்த நேரத்தில் கார் வாங்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் 24.

எதை ஊற்றி ஓடலாம் என்பதும் விலைதான். இதை நான் சிறுவனாக இருந்தபோதே கண்ணால் கண்டேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோல் பவுணைப் போல. நான் அப்போது ஒரு காராஜில் கையாள். வெளியே பழைய ஓஸ்ரின் ஏ40கள், மொறிஸ் மைனர்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலில் எஞ்ஜினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் காலத்து எஞ்ஜினில் அழுத்த விகிதம் (உள்ளே எரிபொருளை அழுத்தும் அளவு) குறைவு, அதனால் தாங்கியது. பிறகு வந்த ஜப்பான் கார்களுக்கு அதை ஊற்றினால் எஞ்ஜின் தட்டும், சூடேறும், கொஞ்ச நாளில் படுத்துவிடும். அப்போது நாற்பது வயது ஏ40 உழைத்துச் சோறு போட்டது. அதைவிட எத்தனையோ வயது இளைய கார் தென்னோலை மறைப்புக்குள் தூங்கியது. எந்தக் காரை வாங்க ஆட்கள் கூடுதலாகத் தேடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? 2002 சித்திரையில், மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்து பெற்றோல் தாராளமாக வந்ததும் அது அப்படியே தலைகீழானது.

சரி, இப்போதைய 28க்கு வருவோம். இறக்குமதி திறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் பழைய வண்டிகளின் விலை தரைக்கு வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2024 மார்கழியில் அவசரப்பட்டு விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் இன்றும் மனவருத்தம். ஏனென்றால், திறந்தாலும் புதுக் கார் அதே பழைய விலைக்கு வரவில்லை. 2025இல் டொலர் 300 ரூபா அளவில் நின்றது. அதன் மேல் சுங்கத் தீர்வை, எஞ்ஜின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, பெறுமதி கூடிய வண்டிக்குச் சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் வரி. பல கார்களுக்கு ஜப்பானில் கொடுக்கும் விலையை விட இங்கே கட்டும் வரி கூட. அப்படித் துறைமுகத்தில் இறங்கும் காரின் விலைதான் உங்கள் ஆல்டோவுக்குக் கூரை. கூரை உயரத்தில் நிற்கும் வரை கீழே இருப்பது ஓரளவுக்கு மேல் இறங்காது. வட்டியும் இறங்கி, எரிபொருளும் வரிசையில்லாமல் கிடைத்ததும் வாங்குபவர்கள் திரும்பி வந்தார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2021இல் கார்களுக்குள் போடும் மின்னணுச் சிப்புகளுக்கு உலகமெங்கும் தட்டுப்பாடு வந்து, புதுக் கார் உற்பத்தி குறைந்தபோது, அமெரிக்காவில் பழைய கார்களின் விலை ஒரே வருடத்தில் 40 வீதமளவில் ஏறியது. அங்கே தொழிற்சாலை தாமதித்தது, இங்கே கப்பலை மறித்தார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். 31க்கு வாங்கியது 28க்குப் போனால் மூன்று இலட்சம்தான் நட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 70 வீதமளவில் ஏறியிருந்தது. இன்றைய 28 இலட்சத்துக்கு அன்றைய 28 இலட்சத்தின் பலம் இல்லை. உங்கள் நட்டம் அதைவிடப் பெரிது. ஆனால் பிள்ளைகள் மழையில் நனையாமல் போய்வந்த அத்தனை மாலைகளையும் எந்தத் தரகரும் கணக்கில் எடுக்கமாட்டார், நீங்கள் எடுக்கலாம். ரியூசன் இன்னும் இருக்கிறதென்றால் விற்கவேண்டாம். விற்றால் அதே தரத்தில் இன்னொன்று வாங்க அதே காசோடு தரகுக் கூலியும் பெயர்மாற்றச் செலவும் போகும்.

கேள்வி: ஒரு வாகன்ஆர், சந்தை விலையை விட ஆறு இலட்சம் குறைவு. ஓபின் பேப்பர் (வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்திட்ட பெயர்மாற்றப் படிவம்), புக் (வண்டிப் பதிவுப் புத்தகம்) பிறகு தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: வேண்டாம் தம்பி. அந்த ஆறு இலட்சம் தள்ளுபடி இல்லை, வண்டியில் ஒட்டியிருக்கும் கடனாக இருக்கலாம். புக் கைக்கு வரவில்லையென்றால் அது பெரும்பாலும் லீசிங் நிறுவனத்திடம் கிடக்கிறது என்றுதான் நினைக்கவேண்டும். கட்டுக்காசு நின்றால் வண்டியைத் தூக்குவார்கள், அப்போது ஓட்டிக்கொண்டிருப்பது நீங்கள். 2022க்குப் பிறகு இப்படி வண்டியையும் காசையும் சேர்த்து இழந்த இரண்டு குடும்பங்கள் என் வாசலில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். முழுக்காசு கொடுக்குமுன் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். எஞ்ஜின், செசி இலக்கங்களை வண்டியில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையாளர் யார், கடன் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெயர்மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பழைய லேண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஒன்று தேவை. எந்த மாதத்தில் மலிவு?
(விவசாயி, மல்லாவி)

பதில்: ஐயா, உங்களுக்குத் தெரியாததல்ல. காலபோக நெல்லு விற்று மாசி, பங்குனியில் காசு புழங்கும்போது எல்லோரும் வாங்க வருவார்கள். விதைப்புக்கு முந்திய ஆவணி, புரட்டாதியிலும் கேள்வி கூட. விதைப்பு முடிந்து மழை இறங்கிய பிறகு, கார்த்திகை, மார்கழியில் தேடுங்கள். உரத்துக்கும் மருந்துக்கும் காசு இறுகி, சும்மா நிற்கிற மெசினை விற்பவர்கள் அப்போது இருப்பார்கள். கியர்ப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: லீஃப் மின்சாரக் கார் பெற்றோல் காரை விட மலிவாகக் கிடக்கிறதே, காரணம்?
(வாசகி, வவுனியா)

பதில்: பற்றரி. பழைய லீஃபில் பற்றரியைக் குளிர வைக்கும் ஏற்பாடு இல்லை, நம் வெயிலில் அது சீக்கிரம் தேய்கிறது. முழுப் பலத்தில் மீற்றரில் 12 கோடுகள் இருக்கும். எத்தனை மிச்சம் என்பதுதான் விலை. வவுனியாவுக்குள் மட்டும் ஓடுவதென்றால் 8 கோட்டு வண்டியும் உதவும். யாழ்ப்பாணம் போய்வர நினைத்தால் கூடாது.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. காரை விற்கப் போனால், ‘கறள்’ (துரு) என்று சொல்லித் தரகர் மூன்று இலட்சம் குறைக்கிறார். நியாயமா?
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பாருங்கள். மேலாகப் படிந்த கறள் என்றால் மூன்று இலட்சம் அநியாயம், சுரண்டிப் பூச்சடிக்க அவ்வளவு ஆகாது. கதவுக்குக் கீழுள்ள பகுதியோ செசியோ தட்டினால் உதிர்கிறதென்றால் அவர் கேட்பது சரி. விற்கும் நாள் வரையாவது, கடலோரம் போய்வந்த அன்றே அடிப்பாகத்தையும் சேர்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.