ராகி டின்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. ஐ.டி.ஐ. படித்தவன், வயது 27. பதினோரு மாதம் முடிந்தால் பிரேக். திரும்பக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் போகலாம். அம்மா எடுத்த குழுக் கடனுக்கு வாராவாரம் டியூ. ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை. டாக்டர் பதற்றம் என்று மாத்திரை எழுதியிருக்கிறார். என் அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்து எங்களை வளர்த்தவர். இதைவிடக் கஷ்டப்பட்டும் அவருக்கு இப்படியெல்லாம் வந்ததில்லை. என் மனம்தான் பலவீனமோ? அதைத் திடப்படுத்த என்ன புத்தகம் படிக்கலாம்? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

மாத்திரை பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் சொல்லும்வரை சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்கு அடியுங்கள். தமிழில் பேசுவார்கள், காசில்லை. சரி.

என்னைக் கிளறியது அந்த ஒரு வரிதான். "அவருக்கு இப்படியெல்லாம் வந்ததில்லை." யார் சொன்னது? அப்பாவைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்டதில்லை.

என் அப்பா பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டவர். ராயக்கோட்டை மண்டியில் விலை இறங்கினால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது, காட்டிலேயே விட்டுவிடுவார். ஊர் அவரைக் கல் மாதிரி மனிதர் என்றது. ராத்திரியில் அந்தக் கல் எழுந்து போய், ராகி கொட்டி வைத்த தகர டின்னை விரல் முட்டியால் அடியிலிருந்து மேலாகத் தட்டும். டொக், டொக் என்று வந்து ஓரிடத்தில் டங் என்று மாறும். அங்கே விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். சாயங்காலம்தான் தட்டிப் பார்த்திருப்பார், அதற்குள் எங்கே குறையப் போகிறது? காலையில் நான் பென்சிலைத் தொலைத்ததற்கு முதுகில் விழும்.

மாசி, பங்குனியில் புளி தட்டி விற்ற காசு கைக்கு வந்ததும் டின் சத்தம் நின்றுவிடும். அதே மனிதர் உட்கார்ந்து எனக்குப் பம்பரம் செதுக்குவார். புளி அவருக்கு எந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டியது?

பக்கத்துத் திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013ல் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோது வடிவப் புதிர்களில் தடுமாறிய அதே ஆட்கள், கரும்புப் பணம் வந்தபின் தவறு குறைவாகப் போட்டார்கள். அதே ஆட்கள், தம்பி. வேறு ஆட்களைக் கொண்டுவந்து ஒப்பிடவில்லை. அதே தலை, அதே படிப்பு, சில மாத இடைவெளி. நீங்களோ அறுவடைக்கு முந்தைய தலையை வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே நான் இப்படித்தான் என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். உங்களுக்கு அறுவடைத் தேதி என்று ஒன்றுகூட இல்லையே! மனதைத் திடமாக வை என்று வீடியோவில் சொல்கிறவனை முதலில் நிறுத்துங்கள். பதினோராவது மாதம் அவனுக்கு யாரும் பிரேக் கொடுப்பதில்லை.

இன்னொன்று. ஏழ்மை வேறு, நாளைக்கு என்னவென்று தெரியாமல் இருப்பது வேறு. டின் பாதி இருந்த நாட்களில்தான் அப்பா தட்டினார். காலியான அன்று தட்டவில்லை, விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடன் கேட்கப் போய்விட்டார்.

குழுக் கடன் தனிக் கதை. மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தமிழக அரசு தொடங்கியதே நம் தருமபுரியில்தான், 1989ல். அது சேமிக்கக் கற்றுக்கொடுத்த குழு. இன்று வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்பது வேறு. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

எனக்கு இப்போது ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுத்து பாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். "ராகி டின் தட்டியாச்சா?" என்பாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

ஊருக்குப் போகும்போது அப்பாவைக் கேளுங்கள், பெங்களூர் ஷெட்டில் படுத்திருந்த ராத்திரிகளில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. பதிலை எனக்கு எழுதுங்கள். புத்தகம் கேட்டிருந்தீர்கள் இல்லையா, அது அப்புறம்.