ஒயாந்தாய்தாம்போ போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பெரு நாட்டில் குஸ்கோ நகரத்துக்கும் மச்சு பிச்சு என்கிற இன்கா இடிபாடுகளுக்கும் நடுவே இருக்கிற இந்த ஊரில் இரண்டு பயணமாகப் பல நாள் தங்கியிருக்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மச்சு பிச்சு ரயில் பிடிக்கத்தான் அந்த ஊருக்குப் போகிறோம். நடுவில் மூன்று மணி நேரம் இருக்கும், போதுமா அக்கா?

போதாது. ஊருக்கு மேலே உள்ள இன்கா கோட்டையின் படிகளில் மூச்சிரைக்க ஏறி இறங்கவே அது சரியாகிவிடும், ஊரைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஒரு ராத்திரியாவது தங்குங்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இங்கே ஆண்ட இன்காக்களின் காலத்தில் போட்ட தெருக்களில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஒரு முற்றம், அதைச் சுற்றி வீடுகள், எல்லோருக்கும் தெருவைப் பார்த்து ஒரே வாசல். இந்த அமைப்பை அவர்கள் காஞ்சா என்கிறார்கள். வாசல்கள் கீழே அகன்று மேலே குறுகி இருக்கும், உச்சியில் ஒரே கல்லில் உத்தரம். காலை ஆறு மணிக்குச் சதுக்கத்துக்கு வடக்கே உள்ள சந்துகளில் நடந்து பாருங்கள். தெருவோரக் கல்வாய்க்காலில் மலைத்தண்ணீர் சலசலவென்று ஓடும், வேறு சத்தமே இருக்காது. நான் போனபோது ஒரு பாட்டி வாசலில் குனிந்து அந்தத் தண்ணீரில் வாளியை அலசிக்கொண்டிருந்தார். அந்த வாய்க்காலும் இன்கா காலத்தில் போட்டதுதான்.

கோட்டை மேலே உள்ள பெரிய கற்களை எப்படி ஏற்றினார்கள்? வேற்றுக்கிரக ஆட்கள் என்கிறார்களே?

தயவுசெய்து அதை நம்பாதீர்கள், உழைத்த ஆட்களுக்குச் செய்கிற அநியாயம் அது. சூரியன் கோயில் என்கிற இடத்தில் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் இரண்டு ஆள் உயரம். அவை வந்தது உருபம்பா ஆற்றுக்கு அக்கரையில், சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் இருக்கிற கச்சிகாட்டா கல்குவாரியிலிருந்து. மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, சரிவுப்பாதை போட்டு மேலே இழுத்திருக்கிறார்கள். வழியில் கைவிட்ட கற்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன, ஊர்க்காரர்கள் அவற்றை ‘களைத்துப்போன கற்கள்’ என்கிறார்கள். பெரிய கற்களுக்கு நடுவில் ஒல்லியான கல்பட்டைகளைச் செருகியிருப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அந்தப் பொருத்தத்தில் காகிதம்கூட நுழையாது போலிருக்கும். வேலை பாதியில் நின்ற கோயில் அது. எனக்கு மச்சு பிச்சுவை விட இதுதான் பிடிக்கும், கட்டினவர்கள் இப்போதுதான் உளியை வைத்துவிட்டுப் போனார்கள் என்பது போல் இருக்கும்.

அங்கே ஸ்பானியர்கள் தோற்றார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். ஸ்பானியர்கள் பிடித்துவைத்திருந்த குஸ்கோவை முற்றுகையிட்ட சமயத்தில் இன்கா அரசர் மான்கோ இன்கா இங்கேதான் முகாம் போட்டிருந்தார். 1537 தொடக்கத்தில் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோ குதிரைப்படையோடு வந்தபோது, மேலே அடுக்கு வயல்களிலிருந்து கல்லும் அம்பும் பொழிய, கீழே சமவெளியில் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டு நிரப்பியிருக்கிறார்கள். தண்ணீரில் குதிரைகள் திணறி, படை திரும்பிப்போனது. ஆனால் அந்த இடத்தைத் தொடர்ந்து காக்க முடியாது என்று மான்கோ பிறகு வில்கபம்பா காட்டுப் பக்கம் போய்விட்டார். மேல் அடுக்கில் நின்று கீழே பார்த்தால் இந்தக் கதை கண்முன்னே நடப்பது போல இருக்கும்.

உயரத்தால் தலைவலி வருமா? அம்மாவுக்கு 64 வயது.

குஸ்கோ சுமார் 3,400 மீட்டர், ஒயாந்தாய்தாம்போ சுமார் 2,800 மீட்டர்தான். அதனால் விமானத்தில் குஸ்கோவில் இறங்கின அன்றே நேராக வண்டி பிடித்துக் கீழே வந்துவிடுங்கள், இரண்டு மணி நேரப் பயணம். இரண்டு நாள் இங்கே இருந்துவிட்டுக் குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கோகா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் தருவார்கள். மாத்திரை வேண்டுமென்றால் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். கோட்டைப் படிகள் செங்குத்து, முழங்கால் வலி இருந்தால் அம்மா கீழே உள்ள நீரூற்றுப் பக்கம் உட்காரட்டும், அந்த இடமே அழகு.

டிக்கெட்?

கோட்டைக்குத் தனி டிக்கெட் கிடையாது, பல இடங்களுக்கும் சேர்த்த சுற்றுலாச் சீட்டு வாங்க வேண்டும். பீசாக், சின்சேரோ, மொராய் என்கிற மற்ற இன்கா இடங்களெல்லாம் அதில் அடக்கம். எதிர்மலை பிங்குய்யுனாவுக்குக் காசு வேண்டாம், தானியம் சேமித்த இன்காக் கிடங்குகள் அங்கே சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, காற்றும் குளிரும்தான் தானியத்தைக் காத்தன. முக்கால் மணி நேர ஏற்றம், கைப்பிடி இல்லை, மழை பெய்தால் ஏறவே ஏறாதீர்கள். சுற்றுலா பஸ்கள் வந்து குவிவதற்குள் கோட்டை, சாயங்கால வெயிலில் பிங்குய்யுனா, இதுதான் என் யோசனை.

சைவம் கிடைக்குமா? எந்த மாதம் நல்லது?

கினோவா என்கிற தானியத்தில் செய்த சூப், உருளைக்கிழங்கு, பெரிய பெரிய மணி வைத்த வேகவைத்த சோளத்தோடு ஒரு துண்டு பாலாடைக்கட்டி, இது போதும் எனக்கு. சூப்பில் கோழிச்சாறு இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, ஆனால் ராத்திரி நல்ல குளிர் அடிக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். அப்புறம், குஸ்கோவில் வேன் ஓட்டுநர்கள் ஊர்ப் பெயரைச் சுருக்கி ‘ஒயாந்தா, ஒயாந்தா’ என்றுதான் கூவுவார்கள், முழுப்பெயரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.