1953-ம் வருட ஹாப்பருக்கு எந்தச் சக்கரம் வாங்குவது?

கேள்வி: வீட்டு பேஸ்மென்ட்டில் எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) பென்சில்வேனியா ரயில்ரோடு மாடல் அமைத்து வருகிறேன். நான் எடுத்துக்கொண்ட காலம் 1953. கைமாற்றாக வாங்கிய நாற்பது சரக்குப் பெட்டிகளிலும் பிளாஸ்டிக் சக்கரங்கள்தான். உலோகத்துக்கு மாற்றப் போனால் 33 அங்குலமா 36-ஆ, பின்பக்கம் வரி வைத்ததா வழவழப்பானதா, கோட் 88-ஆ 110-ஆ என்று கடையில் கேட்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகர், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் வருடம் தெரிந்துவிட்டதால் பாதி வேலை முடிந்தது. 33 அங்குலமே வாங்குங்கள். அன்று 50 டன், 70 டன் சுமந்த பெட்டிகளுக்கு அதுதான் அளவு. 36 அங்குலம் 1960-களில் பரவிய 100 டன் பெட்டிகளுக்கு உரியது. எச்.ஓ.வில் 33 என்பது 9.6 மி.மீ., 36 என்பது 10.5 மி.மீ. ஒரு மி.மீ.கூட வித்தியாசம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பெரிய சக்கரம் போட்டால் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கும், பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் உயரமும் மாறிவிடும்.

வரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஏராளமான சரக்குப் பெட்டிகள் வார்ப்பிரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. உருகிய இரும்பை ஊற்றும்போது, தண்டவாளத்தில் படும் பகுதி மட்டும் வார்ப்பு அச்சில் இருக்கும் இரும்பு வளையத்தைத் தொட்டுச் சட்டென்று குளிர்ந்து மிகக் கடினமாகும். நடுப்பகுதி நிதானமாக ஆறும். சக்கரத் தட்டுக்கு வலு கொடுக்கப் பின்பக்கத்தில் வளைந்த வரிகளையும் சேர்த்தே வார்ப்பார்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி விரிசல் விடுவது இதன் பலவீனம். அதனால் 1958 முதல் புதுப் பெட்டிகளில் இதற்குத் தடை வந்தது. பிறகு நிலைத்துவிட்ட எஃகுச் சக்கரங்களுக்குப் பின்பக்கம் வழவழப்பு. 1953-ல் இரண்டும் கலந்தே ஓடின என்பதால் நீங்களும் கலந்து போடலாம்.

ஆனால் நாற்பதுக்கும் வரி வைத்தது தேவையில்லை. நிலக்கரி ஏற்றி, அடிவழியாகக் கொட்டும் பெட்டிதான் ஹாப்பர்; அதில் ஒன்றைக் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். அடித்தளம் சரிந்து மேலேறுவதால் முனைகளில் திறந்து கிடக்கும். எதிர்ப்பக்கச் சக்கரத்தின் முதுகு அப்படியே கண்ணில் படும். டேங்க் கார், ஃபிளாட் காரிலும் ஓரளவு தெரியும். நாலாபுறமும் மூடிய பாக்ஸ் காரில் நிழலுக்குள் மறைந்துவிடும். ஆகவே நிலக்கரி ஹாப்பர்களுக்கு கேடீ கம்பெனியின் வரி வைத்த சக்கரம், பாக்ஸ் கார்களுக்கு இன்டர்மவுன்டன் போன்ற கம்பெனிகளின் சாதாரண வழவழப்புச் சக்கரம். நானாக இருந்தால் காசை இப்படித்தான் பிரிப்பேன்.

கோட் என்பது சக்கரத்தின் அகலம். 110 என்றால் 0.110 அங்குலம், அதாவது 2.79 மி.மீ.; 88 என்றால் 2.24 மி.மீ. நிஜச் சக்கரத்தை அதே விகிதத்தில் சுருக்கினால் 1.67 மி.மீ.தான் வரும். அப்படிப் பார்த்தால் 88-ம் தடிமன்தான், ஆனாலும் பின்னால் இருந்து பார்க்கும்போது 110-ஐவிட எவ்வளவோ மேல். ஒரே எச்சரிக்கை: தண்டவாளம் பிரியும் இடத்தில் தண்டவாளங்கள் குறுக்கிடும் துண்டான ஃப்ராக்கின் இடைவெளி அகலமாக இருந்தால் 88 அதில் இறங்கிக் குலுங்கும். உங்கள் பாதையில் ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அப்புறம், பலர் கோட்டைவிடும் இடம் அச்சின் நீளம். கம்பெனிக்குக் கம்பெனி அது நூலளவு மாறும். நீளம் கூடினால் போகியின், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் வண்டியின், சட்டம் பிதுங்கிச் சக்கரம் இறுகும், குறைந்தால் பெட்டி ஆடும். நான் ஒருமுறை மொத்தமாக வாங்கி, பாதியைப் பயன்படுத்த முடியாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். முதலில் ஒரே ஒரு பாக்கெட் வாங்குங்கள். மாட்டி, லேசான சரிவில் விட்டு, தானாக உருள்கிறதா பாருங்கள். உரசினால் அச்சுக்குழியை, அதைச் செதுக்கிச் சீராக்கும் ட்ரக் டியூனர் என்ற சிறு கருவியால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். அதற்கும் மசியாவிட்டால் வேறு நீளம் தேடுங்கள்.

பளபளப்போடு ஓட்ட வேண்டாம். விரிசலை மறைத்துவிடும் என்று நிஜச் சக்கரங்களுக்குப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள். உங்கள் காலத்துப் போகிகளில் அச்சுமுனைகளுக்கு எண்ணெய் தரும், மூடி போட்ட எண்ணெய்ப் பெட்டிகள் இருந்தன. அதில் கசிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சக்கரத்தின் முகம் கரிய பிசுக்காக இருக்கும். துருப் பழுப்பு பிற்காலத்து ரோலர் பேரிங் வண்டிகளின் நிறம். ஆகவே மங்கலான கறுப்பைப் பூசுங்கள். தண்டவாளத்தில் படும் பகுதியிலும் அச்சின் கூர்முனைகளிலும் மட்டும் பெயின்ட் படக் கூடாது.